பழைய பிக்சர் டியூப் டிவியில் கணினிப் படம்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலசிலாங்கூர் – புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட வீடுகளில் பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் டிவியை இன்றும் காணலாம். 2019-ஆம் ஆண்டு நாட்டில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, மைஃபிரீவியூ டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபோது, இனி இந்த டிவி எதற்கும் ஆகாது என்று பலர் மூலையில் போட்டுவிட்டனர். அது முழு உண்மையல்ல. நின்றுபோனது ஆண்டெனா வழி வந்த பழைய அலை மட்டுமே. டிவியின் ஏ.வி. துளைகள் இன்னும் வேலை செய்யும். அவற்றின் வழியே மடிக்கணினியின் படத்தையும் ஒலியையும் கொண்டுவர முடியும்.

கோவிட் காலத்தில், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தபோது பெரிய திரையின் அருமை புரிந்தது. ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் வீட்டில், இருக்கும் டிவியையே பயன்படுத்தலாம். ஆனால் தவறான கம்பியை வாங்கினால் காசுதான் வீண்.

ஏன் நேரடியாக இணைக்க முடியாது?

இன்றைய கணினி எச்.டி.எம்.ஐ. வழியாக டிஜிட்டல் சமிக்ஞையை அனுப்புகிறது. பழைய டிவிக்கு அனலாக் சமிக்ஞை மட்டுமே புரியும். மலேசியாவில் பயன்பட்ட பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றில் கண்ணுக்குத் தெரிபவை சுமார் 576. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தர இடையில் மின்சாரத்தில் இயங்கும் ஒரு சிறு பெட்டி தேவை. அதைத்தான் கன்வெர்ட்டர் என்கிறோம்.

பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பிளக் உள்ள வெறும் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. அதற்குள் மாற்றும் சாதனம் எதுவும் இல்லை. கணினியில் செருகினால் படம் வராது.

இன்னொரு குழப்பம் திசை பற்றியது. ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் இரண்டு வகைப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. நமக்குத் தேவை 'எச்.டி.எம்.ஐ. டூ ஏ.வி.'. 'ஏ.வி. டூ எச்.டி.எம்.ஐ.' என்பது பழைய வி.சி.ஆர். படத்தைப் புதிய டிவியில் காட்டுவதற்கானது, இங்கே பயன்படாது.

முதலில் டிவியைப் பாருங்கள்

பின்பக்கத்திலோ, முன்பக்க மூடிக்குள்ளோ மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் ஒற்றை ஒலிபெருக்கி டிவி. அப்போது சிவப்பு பிளக்கை விட்டுவிடலாம். இடப்பக்க ஒலி மட்டும் வரும் என்பதால், கணினியில் 'மோனோ ஆடியோ' அமைப்பை இயக்குவது நல்லது. 'அவுட்' என்று குறிப்பிட்ட துளையில் செருகக் கூடாது. 'இன்' துளையே வேண்டும்.

மைஃபிரீவியூ டிகோடர் அந்தத் துளைகளை ஏற்கெனவே பிடித்திருந்தால், ஏ.வி. செலக்டர் சுவிட்ச் ஒன்றை இடையில் பொருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்க்கலாம்.

ஆண்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய டிவியா? ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சாதனம் கூடுதலாகத் தேவை. வீட்டில் ஓடும் நிலையில் பழைய வி.சி.ஆர். இருந்தால் அதுவே போதும். கன்வெர்ட்டரை வி.சி.ஆரின் ஏ.வி. உள்ளீட்டில் செருகி, அதன் ஆண்டெனா வெளியீட்டை டிவிக்குக் கொடுத்து, டிவியில் அலைவரிசையைத் தேட வேண்டும்.

இணைக்கும் முறை

1. டிவியையும் கணினியையும் அணைத்துவிடவும்.
2. கணினியின் எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து கன்வெர்ட்டருக்குக் கம்பியைச் செருகவும்.
3. கன்வெர்ட்டரிலிருந்து டிவிக்கு, நிறம் பார்த்து மூன்று பிளக்குகளைச் செருகவும்.
4. கன்வெர்ட்டரின் யு.எஸ்.பி. கம்பியைக் கணினியிலோ கைப்பேசி சார்ஜரிலோ செருகி மின்சாரம் கொடுக்கவும்.
5. கன்வெர்ட்டரில் உள்ள சிறு சுவிட்சை 'பால்' பக்கம் தள்ளவும்.
6. டிவியைத் திறந்து ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை அழுத்தவும்.
7. கணினியைத் திறந்து, விண்டோஸ் பொத்தானுடன் 'பி' பொத்தானை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால், சுவிட்ச் 'என்.டி.எஸ்.சி.' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் வந்து ஒலி வராவிட்டால், கணினியின் ஒலி அமைப்பில் எச்.டி.எம்.ஐ.-யைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய கணினியில் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருக்கும். அதற்கு 'வி.ஜி.ஏ. டூ ஏ.வி.' கன்வெர்ட்டர் தனியாக உண்டு. வி.ஜி.ஏ. ஒலியைக் கொண்டுசெல்லாது, ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒலிக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

பாடக் காணொளி, பழைய படம், பாட்டு, குடும்பத்தாருடன் வீடியோ அழைப்பு ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் எழுத்து தெளிவாக இருக்காது. மடிக்கணினித் திரையில் பொதுவாக 1080 வரிசைப் புள்ளிகள் உள்ளன. டிவியில் அதில் பாதியளவுதான். கணினியின் ரெசல்யூஷனை 800க்கு 600 என்று குறைத்து, எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் ஓரளவு படிக்கலாம். படத்தின் நான்கு ஓரங்களும் சற்று வெட்டுப்படுவது இயல்பு. பிள்ளைகள் தினமும் பயிற்சித்தாள் படிக்கவும் தட்டச்சு செய்யவும் வேண்டுமென்றால், இதில் செலவு செய்யாமல் பழைய எல்.சி.டி. மானிட்டர் ஒன்றைத் தேடுவதே மேல்.

பாதுகாப்பு

டிவியின் பின்மூடியை ஒருபோதும் கழற்றக் கூடாது. வண்ண பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கலாம். பழுது என்றால் அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மாலை இடிமழைக்கு வானம் இருட்டும்போது மின்சார பிளக்கோடு ஆண்டெனா கம்பியையும் கழற்றுங்கள். இரண்டும் கணினியுடன் இணைந்திருப்பதால், மின்னல் தாக்கினால் டிவியோடு கணினியும் போய்விடும். 21 அங்குல டிவியே 20 கிலோ அளவுக்குக் கனம் இருக்கும். அதன் எடை முழுவதும் முன்பக்கம் சாயும். ஆட்டம் காணும் மேசையில் வைத்தால், ஏறி விளையாடும் குழந்தையின் மேல் விழும் ஆபத்து உண்டு.

பயன்படாது என்று முடிவு செய்தால்

பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அதைச் செம்பனைக் காட்டிலோ ஆற்றோரத்திலோ வீசுவதும், செம்புக் கம்பிக்காக உடைத்து எரிப்பதும் மண்ணுக்கும் உடலுக்கும் கேடு. மலேசியச் சட்டப்படி மின்னணுக் கழிவு, எஸ்.டபிள்யூ. 110 என்ற பிரிவில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. டிவியை உடைக்காமல், முழுதாக மின்னணுக் கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே சரியான வழி.