கட்ச் களிமண், கோவை வார்ப்படம்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் அந்தக் கரும்பாறை நைந்து நைந்து ஒரு களிமண்ணானது. பெயர் பென்டோனைட்.

தோண்டிய கட்டிகளை வெட்டவெளியில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். கால்சியம் மிகுந்த சரக்கென்றால் சோடா ஆஷ் கலந்து பிசைவார்கள். சோடியம் உள்ளே புகுந்து கால்சியத்தை வெளியேற்றும். அதன்பின் தண்ணீர் பட்டால் மண் பல மடங்கு ஊதிப் பெருகும். அரைத்த மாவு மூட்டைகளில் ஊர் ஊராகப் போகிறது: எண்ணெய்க் கிணற்றுக்கு, மெட்ரோ பள்ளத்தின் சுவர் சரியாமல் தாங்க, குப்பைமேட்டின் கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்காமல் தடுக்க. ஒரு பங்கு கோவைப் பவுண்டரிகளுக்கு வருகிறது.

பம்பு உடல் வார்க்கும் அச்சுக்கு மணல்தான் பிரதானம். நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு பென்டோனைட்டும் மூன்று நான்கு பங்கு தண்ணீரும் கொஞ்சம் நிலக்கரித் தூளும் சேரும். களிமண்ணின் தகடு ஒவ்வொன்றும் ஒரு நானோமீட்டர் தடிமன். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்தால்தான் மணலை மணலோடு பிடித்துவைக்கும் பசை பிறக்கும். அனுபவசாலி ஒருவர் ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையை விரிப்பார். விரல் தடம் பதிந்து, உடைத்தால் இரண்டாகப் பிளந்தால் கலவை சரி. உதிர்ந்தால் ஈரம் போதாது. உள்ளங்கையில் ஒட்டினால் அதிகம். ஆய்வகக் கருவிகள் வந்த பிறகும் இந்தச் சோதனையை மதிக்காத பட்டறை உருப்படாது என்பது என் எண்ணம். ஈரம் மிகுந்த அச்சில் இரும்பு ஊற்றினால் ஆவி வெளியேற வழியின்றி வார்ப்படத்துக்குள் ஓட்டை விழும்.

இரும்பு கிட்டத்தட்ட 1,400 டிகிரியில் இறங்குகிறது. அதை ஒட்டிய களிமண் 600, 700 டிகிரியைத் தாண்டும்போது, படிகத்துக்குள் பிணைந்த நீரையும் இழந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது ஒட்டாது. சற்றுத் தள்ளியிருந்த களிமண் உயிரோடு மிக்சருக்குத் திரும்பும். எவ்வளவு மிஞ்சியது என்பதை மெத்திலீன் நீலச் சாயம் காட்டிக்கொடுக்கும்: உயிருள்ள களிமண்தான் சாயத்தை உறிஞ்சும். குறைந்த அளவுக்குப் புது மூட்டை பிரியும்.

செத்த களிமண் மணல் பருக்கைமீது ஓடாகப் படிகிறது. ஓடு தடித்த மணலை ஊர் எல்லையில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. உரசியோ சூடேற்றியோ ஓட்டைக் கழற்றினால் மணல் மறுபடி அச்சுக்கு வரும். மீந்ததில் உலோகக் கலப்பைச் சோதித்துவிட்டு, கட்டடக் கற்களில் சேர்க்கலாம்.