விழாவுக்கு நாள் குறித்தவர்கள்

விழாவுக்கு நாள் குறிப்பது சிறிய செயலன்று. நம் ஊர்களில் தேரோட்டத்திற்கும் தெப்பத்திற்கும் திதியும் நட்சத்திரமும் முன்பே வகுக்கப்பட்டுள்ளன. வகுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. வழிவழியாக வரும் குடிகளுக்குப் பாட்டன் பாட்டியர் மூலமாகவே விழா வந்து சேர்ந்துவிடுகிறது. தன்பால் விருப்பம் கொண்டோரின் நிலை அத்தகையதன்று. அவர்கள் ஒரு குடியில் பிறப்பவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனியராகவே வளர்கின்றனர். விழாவைக் கையளிக்கும் மூத்தோர் அவ்வீட்டில் இல்லை. அப்படிப்பட்ட மக்கள் ஒரு நகரத்தில் வந்து கூடி, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் தமக்கென விழா வரிசை ஒன்றை அமைத்துக்கொண்டனர். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த இவ்வரலாறு ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அந்நகரத்து ஆண்டைப் பஞ்சாங்கம் புரட்டுவது போலப் புரட்டிப் பார்க்கலாம். ஈஸ்டர் ஞாயிறன்று கன்னியர் உடை தரித்த ஆடவர் கூட்டம் ஒன்று பூங்காவில் தன் ஆண்டு விழாவைக் கொண்டாடுகிறது. ஜூன் கடைசி வாரத்தில் பெருமித ஊர்வலம். ஜூலை இறுதியில் டோர் சந்திலும், செப்டம்பர் கடைசி ஞாயிறன்று ஃபோல்சம் தெருவிலும் தோலாடை விரும்பிகளின் சந்தைகள். அக்டோபர் முதல் ஞாயிறன்று காஸ்ட்ரோ தெருச் சந்தை. நவம்பர் 20இல் கொலையுண்ட திருநர்களின் நினைவு நாள். 27இல் மெழுகுவர்த்தி ஊர்வலம். டிசம்பர் முதல் நாள் எய்ட்ஸ் நினைவு. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு முற்பாதி முழுவதும் களியாட்டமாகவும் பிற்பாதி துக்கமாகவும் தோன்றும். நாள்கள் பிறந்த விதத்தை விசாரித்தால் இந்தப் பாகுபாடு நிலைப்பதில்லை.

ஜூன் மாதத்தின் கதையைச் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்க முடியாது. பிலடெல்பியாவிலிருந்து தொடங்க வேண்டும். 1965 முதல் 1969 வரை ஆண்டுதோறும் ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலைப் பிரகடனம் கையொப்பமான மண்டபத்தின் முன்னர், முதலாண்டில் நாற்பதின்மர் அளவில், ஒரு சிறு கூட்டம் கையில் அட்டைகளை ஏந்தி வட்டமாக நடந்துவந்தது. ஆடவர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிய வேண்டும். மகளிர் பாவாடை உடுத்த வேண்டும். இதனைக் கண்டிப்புடன் நடத்தியவர் ஃபிராங்க் கேமனி. வானியல் கற்றவர், தன்பால் விருப்பத்தின் பொருட்டு 1957இல் இராணுவ வரைபடத் துறையிலிருந்து நீக்கப்பட்டவர். வேலை கேட்டு நிற்பவர்கள் வேலைக்குத் தகுந்தவர்களாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் வாதம். இன்று அதனை எள்ளி நகையாடுவது எளிது. சோறு பறிபோனவனின் வாதம் அது என்பதை மறந்துவிடலாகாது.

1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க் நகரின் கிறிஸ்டோபர் தெருவிலிருந்த ஸ்டோன்வால் என்னும் மதுக்கடையில் காவலர் சோதனையிட்டனர். அடிக்கடி நிகழ்வதுதான். அன்று கூட்டம் கலையவில்லை, திருப்பித் தாக்கிற்று. கலவரம் பல இரவுகள் நீடித்தது. அதற்குச் சில நாள்களுக்குப் பின் பிலடெல்பியாவில் ஜூலை 4 வழக்கம்போல் வந்தது. வட்டத்தில் நடந்த இரு பெண்கள் கைகோத்துக்கொண்டனர். கேமனி அவர்கள் கைகளைப் பிரித்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த இளைஞர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கூடிய அமைப்புகளின் மாநாட்டில் கிரெய்க் ராட்வெல், எல்லன் பிராய்டி, லிண்டா ரோட்ஸ், ஃபிரெட் சார்ஜென்ட் ஆகிய நால்வர் ஆக்கிய தீர்மானம் நிறைவேறியது. ஜூலை 4 கைவிடப்பட்டது. ஜூன் இறுதியில் கிறிஸ்டோபர் தெருவின் பெயரால் ஊர்வலம் என்று முடிவாயிற்று. அந்நாளில் ஆடைக்கும் வயதுக்கும் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கப்படாது என்பதும் அத்தீர்மானத்தின் பகுதி. இப்பின்வரியை வரலாறு எழுதுவோர் பலர் விட்டுவிடுகின்றனர். என் எண்ணத்தில், பின்னர் வந்த ஐம்பது ஆண்டுச் சர்ச்சைகள் யாவும் அவ்வரியிலேயே கருக்கொண்டுள்ளன.

1970 ஜூன் 28ஆம் நாள் நியூயார்க்கில் ஊர்வலம் கிரீன்விச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை சென்றது. அதே வார இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் போல்க் தெருவில் சிறு குழு ஒன்று நடந்தது. முறையான ஊர்வலம் அங்கு 1972இல்தான் அமைந்தது. எனினும் சில ஆண்டுகளுக்குள் அந்நகரத்து ஊர்வலமே நாட்டின் பேரூர்வலங்களுள் ஒன்றாயிற்று.

1978ஆம் ஆண்டினைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். தன்பால் விருப்பினர் பள்ளி ஆசிரியராக இருத்தலாகாது என்னும் சட்டமுன்மொழிவைக் கலிபோர்னிய வாக்காளர் முன் ஜான் பிரிக்ஸ் என்பவர் வைத்திருந்தார். முந்திய ஆண்டு நவம்பரில் நகர மேற்பார்வைக் குழுவுக்குத் தேர்வு பெற்ற ஹார்வி மில்க் அதனை எதிர்த்து மாநிலமெங்கும் பேசினார். ஜூன் 25 ஊர்வலத்திற்கென கில்பர்ட் பேக்கரும் முப்பது தொண்டர்களும் பருத்தித் துணியைக் கையால் சாயந்தோய்த்து எட்டு நிறக் கொடிகள் இரண்டினைத் தைத்தனர். ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் ஏற்றப்பட்ட அக்கொடியே இன்று உலகெங்கும் அறியப்படும் வானவில் கொடி. எட்டு நிறம் ஆறான காரணத்தில் தத்துவம் ஏதுமில்லை. அடர் இளஞ்சிவப்புத் துணி வேண்டிய அளவு கிடைக்கவில்லை; பின்னர், வரிகள் இரட்டைப்படை எண்ணில் அமைய வேண்டுமென்று நீலப்பச்சையும் நீக்கப்பட்டது.

பிரிக்ஸின் முயற்சிக்கு எதிராக ஆதரவு வேண்டி இந்நகரத்து ஊர்வலக் குழுவினர் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் கடிதம் எழுதியிருந்தனர். அதற்கு விடையாகவே 1978 ஜூன் 24 இரவு சிட்னியில் முதல் மார்டி கிரா ஊர்வலம் கிளம்பிற்று. ஐம்பத்து மூவர் கைதாயினர். அவர்களுடைய பெயர்களை நாளேடு ஒன்று வெளியிட, பலர் வேலை இழந்தனர். நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றமும் அவ்வேடும் மன்னிப்புக் கேட்ட ஆண்டு 2016. ஜூன் அங்கே குளிர்காலமாதலின் 1981இல் விழாவைக் கோடைக்கு மாற்றிக்கொண்டனர். நம் சென்னைவாசிகள் அவ்வாறு மாற்றவில்லை. 2009 ஜூன் 28இல் மெரினாவில் முதல் வானவில் ஊர்வலம் ஸ்டோன்வால் நாளிலேயே நடந்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்திய தீர்ப்பு அதன்பின் நான்காம் நாள் வந்தது. 2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்க, 2018 செப்டம்பர் 6இல் அதே நீதிமன்றம் மீண்டும் உரிமையை வழங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஜூன் வெயிலில் ஊர்வலம் நின்றுவிடவில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். தோலாடை விரும்பிகளைப் பற்றி எழுதத் தமிழில் பலரும் கூசுவர். தோல், காலணி, சீருடை, சங்கிலி முதலிய பொருள்களிலும், இருவர் மனமொத்து மேற்கொள்ளும் ஆண்டான்–அடிமைப் பாவனையிலும் இன்பம் காண்போர் இவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய ஆடவர்களின் மோட்டார் சைக்கிள் சங்கங்களில் இவ்வழக்கம் வேரூன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸில் சேட்டர்ஸ் என்னும் சங்கம் 1954இல் தோன்றியது. சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே இருந்த கிடங்குகளும் பட்டறைகளும் நிறைந்த பகுதியே இவர்களுடைய இருப்பிடமாயிற்று. பகலில் உழைப்பாளர் நடமாட்டம், இரவில் வெறிச்சோடிய தெரு, குறைந்த வாடகை. டூல் பாக்ஸ் என்னும் மதுக்கடையின் சுவரில் சக் ஆர்னெட் தீட்டிய ஆடவர் ஓவியத்தை 1964 ஜூனில் லைஃப் இதழ் இரு பக்கத்திற்கு வெளியிட்டது. எச்சரிக்கையாக வெளியிடப்பட்ட படம், தூர ஊர்களில் தனித்திருந்த பலருக்கு வழிகாட்டிப் பலகையாக அமைந்துவிட்டது.

அப்பகுதியில் இவர்கள் மட்டும் வாழவில்லை. ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளரும் கப்பலோட்டிகளும் ஒற்றை அறை விடுதிகளில் முதுமையைக் கழித்தனர். பிலிப்பைன்ஸ் குடும்பங்களும் இருந்தன. நகரின் மறுசீரமைப்பு வாரியம் இதனைச் சேரியென்று அறிவித்து இடிக்கத் தொடங்கியது. முதியோர் வழக்குத் தொடுத்தும் ஓரளவே தடுக்க முடிந்தது. டூல் பாக்ஸ் 1971இல் இடிபட்டது. அதன் ஓவியச் சுவர் மட்டும் சில காலம் இடிபாடுகளின் நடுவே நின்றதாக, இப்பகுதியை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் கெய்ல் ரூபின் பதிவு செய்துள்ளார். வீடுகள் இடிபட்ட நிலத்தில் 1981இல் மாநாட்டு மண்டபம் எழுந்தது.

பிறகு நோய் வந்தது. 1981 முதல் எய்ட்ஸ் இம்மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயிற்று. 1984 அக்டோபரில் நகரச் சுகாதார இயக்குநர் பதினான்கு குளியல் விடுதிகளையும் ஒத்த இடங்களையும் மூட ஆணையிட்டார். நோயும் இடிப்பும் ஒருங்கே நெருக்கிய வேளையில், அவ்வாணைக்கு இரு வாரங்கள் முன்னர், முதல் ஃபோல்சம் தெருச் சந்தை கூடியது. ஏற்பாடு செய்தவர்கள் கேத்லீன் கானல், மைக்கேல் வலேரியோ என்னும் குடியிருப்போர் உரிமை ஊழியர்கள். இங்கே மனிதர் வாழ்கின்றனர், இது வெற்று நிலமன்று என்று நகர மன்றத்தின் கண்முன் காட்டுவதே நோக்கம். தெருச் சந்தை நடத்தும் பேட்டைக்குத்தான் பேட்டை என்ற தகுதி உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அடுத்த ஆண்டு ரிங்கோல்ட் சந்தில் ஒரு சிறு சந்தை தோன்றி, 1987இல் டோர் சந்துக்கு இடம் மாறியது. நுழைவாயிலில் திரட்டப்படும் நன்கொடை எய்ட்ஸ் நோயாளர் தொண்டிற்கும் பிற அறங்களுக்கும் சென்றது.

ஆகவே, சேலைத்தலைப்பால் மறைக்க வேண்டியதென்று பலரும் நினைக்கும் இச்சந்தையே, இவ்விழா வரிசையில் குடிமையுணர்வு மிகுந்து பிறந்தது எனலாம். இவ்வாறு கூறுவதால் அதில் எல்லாம் ஏற்கத்தக்கது என்றாகாது. தோலாடையினரின் பழைய மதுக்கடைகளில் பெண்களுக்கு இடம் அரிதாகவே இருந்தது. 1978இல் பெண்கள் தமக்கெனச் சமோயிஸ் என்னும் அமைப்பைத் தொடங்கியபோது, அதனை மிகக் கடுமையாகத் தாக்கியவர்கள் பெண்ணியவாதிகளே: அடிமைத்தனத்தை விளையாட்டாக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வி எளிதில் தீர்வதன்று. ஆயின் ஜூன் ஊர்வலத்தில் தோலாடையினர் நடக்கலாமா, குழந்தைகள் பார்க்கலாமா என்று ஆண்டுதோறும் எழும் கூக்குரல் வேறு வகையைச் சேர்ந்தது. கேமனியின் ஆடை விதி வேறு வடிவில் திரும்பி வருவதாகவே அதனைக் கொள்ள வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: கேமனி பசியால் கேட்டார், இன்று கேட்போரில் பலர் வயிறு நிறைந்தவர்கள். பெருநிறுவனங்கள் விளம்பரப் பலகையுடன் முன்வரிசையில் நடக்கத் தொடங்கிய பின்னர் இக்கூக்குரல் வலுத்திருப்பதும் தற்செயலன்று.

காஸ்ட்ரோ சந்தையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1974இல் ஹார்வி மில்க், அப்போது புகைப்படக் கருவிக் கடைக்காரர், தம் தெருவுக்கு வாடிக்கையாளரை ஈர்க்கத் தொடங்கியது. அப்பகுதியின் ஹாலோவீன் இரவுக் கொண்டாட்டம் 2006ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூட்டுடன் அடங்கிற்று.

பிரிக்ஸின் முன்மொழிவு 1978 நவம்பர் 7இல் தோற்றது. இருபதே நாள்களில், நவம்பர் 27இல், ஹார்வி மில்க்கும் நகரத் தலைவர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவர் முன்னாள் மேற்பார்வைக் குழு உறுப்பினர் டான் வொயிட். வீடுகள் இடிபட்ட நிலத்தில் எழுந்த மாநாட்டு மண்டபம் மாஸ்கோனியின் பெயரைத் தாங்கியது. கொலை நடந்த அன்றிரவே பல்லாயிரவர் மெழுகுவர்த்தி ஏந்திக் காஸ்ட்ரோவிலிருந்து நகர மண்டபம்வரை ஓசையின்றி நடந்தனர். ஆண்டுதோறும் அந்நடை தொடர்ந்தது.

1985ஆம் ஆண்டு நடையின்போது எய்ட்ஸால் இறந்த நகரத்தார் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மில்க்கின் இளைய தோழர் கிளீவ் ஜோன்ஸ், இறந்த தம்மவர் பெயரை அட்டையில் எழுதுமாறு வந்தோரை வேண்டினார். கூட்டாட்சி அரசுக் கட்டடத்தின் சுவரில் அவ்வட்டைகள் ஒட்டப்பட்டன. முதல் வானவில் கொடி பறந்த அதே சதுக்கத்தின் ஓரம் அது. ஒட்டுத்துணிப் போர்வை போன்று அச்சுவர் அவர் கண்ணுக்குப் பட்டது. அதிலிருந்து பெயர்ப்போர்வை பிறந்தது. ஒவ்வொரு துண்டும் மூன்றடி அகலம், ஆறடி நீளம்: ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபர் 11இல் வாஷிங்டன் திடலில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன.

டூல் பாக்ஸின் சுவரோவியம் 2017இல் ரிங்கோல்ட் சந்தில் கருங்கல்லில் பொறிக்கப்பட்டது. அருகே, மறைந்த தோலாடையினர் சிலரின் நினைவாக வெண்கலக் காலணித் தடங்கள் நடைபாதையில் பதிக்கப்பட்டுள்ளன. பெயர்ப்போர்வையோ அட்லாண்டாவில் நெடுநாள் இருந்து, ஊர்வலங்கள் அனைத்தும் கொள்ளைநோயால் நின்றுபோன 2020ஆம் ஆண்டில், பிறந்த ஊர்ப் பகுதிக்கே மீண்டு வந்தது. இப்போது அதன் துண்டுகள் ஏறத்தாழ ஐம்பதாயிரம். எடை 54 டன். சில துண்டுகளில் முழுப்பெயர் இல்லை. குடும்பத்தார் அறியலாகாது என்றோ, அறிந்தும் விரும்பவில்லை என்றோ, முதற்பெயர் மட்டுமே தைக்கப்பட்டிருக்கிறது.