ஹேண்டில்பாரில் தொங்கிய செருப்பு

மீன்சுருட்டியிலிருந்து தஞ்சாவூருக்குச் சைக்கிளில் போவதென்று எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலர் சென்ற ஆண்டு மார்கழியில் தீர்மானித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை, கும்பகோணம் வழியாக ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். 1010-இல் தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் எழுப்பி முடித்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவன் மகன் இராசேந்திரன் தலைநகரையே எங்கள் பக்கத்துக்குப் பெயர்த்துக் கொண்டு வந்துவிட்டான். தலைநகர் வந்த வழியை எதிர்த்திசையில் மிதித்துப் பார்ப்பது அவர்கள் ஆசை. வரலாறு, சிற்பம், கல்வெட்டு என்று என்னென்னவோ கேட்பார்கள் என எதிர்பார்த்து, குறிப்புகளோடு வகுப்புக்குப் போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, கால்ல என்ன போட்டுக்கிட்டு வரணும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அன்றைக்குக் கேட்கப்பட்டவற்றுள் மிகச் சரியான கேள்வி அதுதான் என்று பட்டது.

நெடுவழி போகிறவனின் காலைப் பற்றி நம் பழைய இலக்கியம் நிறையவே கவலைப்பட்டிருக்கிறது. புறநானூற்றின் 257-ஆம் பாட்டு, பகைவருக்குத் தீராத தொல்லையாக இருக்கும் ஒரு வீரனைச் செருப்புக்குள் சிக்கிக்கொண்ட சிறு கல்லுக்கு ஒப்பிடுகிறது. நடந்து பழகிய ஒருவருக்கே தோன்றக்கூடிய உவமை அது. பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகர்கள் பாதத்தை மூடும் காலணி அணிந்திருக்கிறார்கள். அதற்கு அந்நூல் தரும் பெயர் அடிபுதை அரணம். காலணியை அரண் என்று சொல்ல வேண்டுமானால், அந்த வழி எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்! தொடுதோல் என்ற சொல்லும் உண்டு. பெரியபுராணத்துக் கண்ணப்பர், இறைவன் முடிமேல் இருந்த பூவைத் தம் காற்செருப்பால் ஒதுக்கியவர். இராமனின் பாதுகையோ அரியணையிலேயே அமர்ந்தது. ஆக, செருப்பைக் கொண்டாடிய மரபு என்று நம்மைச் சொல்லிக்கொள்ளலாம். நானும் வகுப்பில் பலமுறை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நிற்க. கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

என் பதில் பட்டுத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மீன்சுருட்டியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரத்துக்குச் சைக்கிளில் போனேன். காலில் ரப்பர் ஹவாய்ச் செருப்பு. பத்துக் கிலோமீட்டர் வரை சுகம். அதன் பிறகு மிதிகட்டையிலிருந்து செருப்பு வழுக்கத் தொடங்கியது. அது நழுவாமல் இருக்கக் கால்விரல்கள் தம்மை அறியாமலேயே அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. சிதம்பரத்தில் இறங்கியபோது கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. அடுத்த முறை புத்திசாலித்தனமாக ஓட்டப் பயிற்சிக்கான, மெத்தென்ற ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டேன். இம்முறை கெண்டைக்கால் பிழைத்தது. ஆனால் பாதம் மரத்துப்போயிற்று.

காரணம் எளிது. நிதானமாக மிதிக்கிறவர்கூட நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பார். தஞ்சாவூர் போய்ச் சேர ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காலும் பதினெட்டாயிரம் முறை அழுத்த வேண்டும். நடக்கும்போது பாதம் முழுவதும் தரையில் படுகிறது, எடை பரவுகிறது. சைக்கிளிலோ எல்லா அழுத்தமும் விரல்களுக்குப் பின்னே உள்ள தடித்த சதைப் பகுதியில், அதுவும் மிதிகட்டையின் அகலத்துக்குள்ளேயே விழுகிறது. அடிப்பாகம் மெத்தென்றிருந்தால் அந்தக் கட்டையின் விளிம்பு ஷூவைத் தாண்டி எலும்பையும் நரம்பையும் அழுத்தும். ஆகவே சைக்கிளுக்கு வேண்டியது மெத்தை அன்று. எளிதில் வளையாத அடிப்பாகம். பந்தயக்காரர்கள் இதை எல்லை வரை கொண்டுபோனார்கள். 1985-இல் பிரான்சின் பெரும் பந்தயத்தில் பெர்னார்ட் இனோ வென்றபோது அவர் ஷூ மிதிகட்டையோடு பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அது வேகத்துக்கு நல்லது. ஆனால் அத்தகைய ஷூவோடு ஒரு டீக்கடை வரை நடப்பதே பெரும்பாடு. ஊர் ஊராக இறங்கிப் பார்க்கிறவனுக்கு அது உதவாது.

நம் பயணத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. வழியெங்கும் கோயில்கள். ஒவ்வொரு வாசலிலும் கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். கணுக்கால் வரை நாடா கட்டும் ஷூ நான்காவது கோயிலில் பக்தியைக் குறைத்துவிடும். எனவே மாணவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை உள்ள, தடித்த அடிப்பாகமுடைய சாண்டல், அல்லது காற்றுப் புகும் கட்டியான ஷூ. மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்; சைக்கிளிலும் அது அப்படித்தான் வீங்கும். முன்பக்கம் ஒரு விரல் இடம் இருக்கட்டும். நாடா இருந்தால் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். வலது காலின் நாடாவைச் சங்கிலி இழுத்துக்கொள்ளும். முக்கியமாக, புதுச் செருப்போடு புறப்படாதீர்கள். இரண்டு வாரமாவது அதைப் போட்டு மிதித்துப் பழகுங்கள்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கேள்வி கேட்டவன் மட்டும் எழுதவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்து தயங்கி நின்றான். "ஐயா, எங்க தாத்தாகிட்ட இந்தப் பயணத்தப் பத்திச் சொன்னேன். செருப்புப் போட்டுக்கிட்டே எல்லா ஊர் வழியாவும் போவீங்களான்னு கேட்டாரு. அதான் கேட்டேன்" என்றான்.

அவன் கேள்வியை நான் புரிந்துகொள்ளவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் வளர்ந்தது மீன்சுருட்டிக்குச் சில மைல் தள்ளி ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் மற்ற ஊர்கள் தப்பித்துவிடும். என் பள்ளி நாட்களில், எங்கள் வயலில் வேலை செய்த ஒருவரிடம் பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. அவர் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் இறங்குவார். டயரில் தைத்த செருப்பு இரண்டையும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். தெரு முடியும் வரை வெறுங்காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். மறுமுனையில் செருப்பை மாட்டி, ஏறி, போய்விடுவார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். யாரும் அவரை அதட்டியதாக எனக்கு நினைவில்லை. அதட்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. நான் அதே தெருவில் அரை பெடல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். விழுந்தால் அவர்தான் ஓடிவந்து தூக்குவார். அவர் ஏன் இறங்குகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சைக்கிளை அவர் அப்படித்தான் ஓட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் ஊரின் தனி வழக்கமன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது என்று நீளும் அப்பட்டியலை ஜே.எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அதன் எட்டாவது தடை, ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது. தோலைப் பதப்படுத்தியவர்களும் தைத்தவர்களும் எந்த மக்களோ, அவர்கள் காலுக்கே அது விலக்கப்பட்டது. அடிபுதை அரணம் என்ற சொல்லை வியந்து பாடம் நடத்திய நான், அந்த அரண் யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்பதை அதே மூச்சில் சொன்னதில்லை.

சைக்கிள் வந்தபோது அதற்கும் இதே கதைதான். சைக்கிள் வேகமானது, உயரமானது, அதில் அமர்ந்தவன் தெருவில் நிற்பவனைவிட ஒரு முழம் மேலே தெரிகிறான். பம்பாயிலிருந்து 1923-இல் ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் அதி ஹகீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பம்காரா மூவரும் 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பினார்கள். பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்த பயணம் அது. அதே காலத்தில் நம் கிராமங்களில் ஒரு தெருவை மிதித்துக் கடப்பது பலருக்கு இயலாததாக இருந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, சைக்கிள் மெல்ல மெல்ல உழைப்பாளியின் வண்டியாயிற்று. ஆனால் வண்டி கிடைத்துவிட்டால் வழியும் கிடைத்துவிடுவதில்லை.

இதற்குச் சட்டமே சாட்சி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் புதிதாகச் சேர்ந்த குற்றங்களில் ஒன்று, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், காலணியோ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது. சைக்கிளும் செருப்பும் ஒரே உட்பிரிவில், அருகருகே இருக்கின்றன. இருபத்தோராம் நூற்றாண்டில் இதை ஒரு நாடாளுமன்றம் எழுதிவைக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு ஹேண்டில்பாரில் தொங்கிய இரண்டு டயர்ச் செருப்புகளைத்தான் அந்த வரியில் நான் பார்த்தேன்.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது நடுவே கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் பேரணி போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்க மணியடித்துக்கொண்டு போனார்கள். 2001-02-இல் தமிழக அரசு மேல்நிலை வகுப்பில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு இலவசச் சைக்கிள் தந்தது. சில ஆண்டுகளில் அது எல்லா மாணவருக்குமானது. பின்னர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலணியும் வந்தது. இவற்றை வெறும் இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்கள், யாருக்கு எவை மறுக்கப்பட்டிருந்தன என்ற பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

தை பிறந்ததும் கிளம்பினோம். அந்த மாணவனிடம் புது ஷூ வாங்கப் பணமில்லை. பள்ளிக் காலத்து ஷூ ஒன்று இருந்தது; அடிப்பாகம் தேய்ந்து வளைந்து கிடந்தது. கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். "சைக்கிள் மிதிக்கணுமா சார்?" என்று கேட்டுவிட்டு, விரல் பகுதிக்குக் கீழே கெட்டியான தோல் ஒன்றை அளவாக வெட்டி உள்ளே வைத்து, மேலே மெல்லிய தோல் ஒட்டித் தந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாயிரம் ரூபாய் ஷூ போட்டிருந்தவர்களைவிடத் தனக்குச் சுகமாக இருப்பதாக அவன் சொன்னான். பொறாமையோடு நம்பினேன்.

விடியலில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தைப் பார்த்தோம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டப்பட்ட அணைக்கரையில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். அங்கே அவன் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்தான். நான் சற்றுத் தள்ளித்தான் நின்றேன். ஆனாலும் காதில் விழுந்தது. "இல்ல தாத்தா, எங்கயும் எறங்கல... ஆமா, கால்லதான் போட்டிருக்கேன்."

தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றி ஒரே வரிசையில் வைத்தோம். எல்லோரும் கழற்றுகிற இடத்தில் கழற்றுவதில் யாருக்கும் குறைவில்லை. ஊர் திரும்பியதும், எங்கள் வயலில் வேலை செய்தவரைப் பற்றி விசாரித்தேன். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டிருந்தன. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் என் மாணவன் என்னிடம் கேட்டிருக்கிறான்.