மூளையின் மதிலும் முதுகில் ஒட்டிய பிளாஸ்டரும்

எங்கட உம்மம்மாவுக்கு மறதி வருத்தம் கூடின காலத்தில் வீட்டில் தினமும் குளிசைச் சண்டைதான். சீனிக்கு, பிரஷருக்கு, மறதிக்கு என்று காலையிலேயே ஒரு கைப்பிடி. வாய்க்குள் வைத்திருந்து, உம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் தலையணைக்குக் கீழே துப்பிவிடுவா. அந்த நாட்களில்தான் இந்த மருந்துகள் வந்த கதையைத் தேடி வாசித்தேன்.

1885இல் ஜேர்மனிய விஞ்ஞானி போல் எர்லிக், விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளையில் மட்டும் பிடிக்கவில்லை. மூளைக்குச் சாயத்தை ஏற்கும் தன்மை இல்லை என்று நினைத்துவிட்டார். 1913இல் அவரது மாணவர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள்ளேயே சாயத்தை ஏற்றினார். மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் அப்படியே இருந்தன. அப்படியென்றால் நடுவில் ஒரு மதில் இருக்கிறது! 1960களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதைக் காட்டியது: மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் கலங்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி ஒட்டியிருக்கின்றன. பெரும்பாலான மருந்துகள் அதைத் தாண்டாது.

அலோய்ஸ் அல்சைமர் இந்த நோயை விவரித்தது 1906இல். அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1993இல்தான். அதுவும் ஈரலைப் பாதித்தது. பிறகு வந்தது ரிவாஸ்டிக்மின். ஞாபகத்துக்குத் தேவையான அசற்றைல்கோலின் என்ற பொருள் சிதைவதை அது குறைக்கும். மதிலையும் தாண்டும். ஆனால் விழுங்கினால் குமட்டலும் வாந்தியும். சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்கிற முதியவர் சாப்பிடாமல் வாந்தி எடுத்தால், சீனி இறங்கி மயங்கி விழவும் கூடும்.

தீர்வு தோல் வழியாக வந்தது. 1979இலேயே பிரயாணத்தில் வரும் வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பிளாஸ்டருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதில் இருந்த ஸ்கோபொலமின், அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து என்பதுதான் வேடிக்கை! 2007இல் ரிவாஸ்டிக்மினும் பிளாஸ்டராக வந்தது. மருந்து ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால், ஆய்வில் வாந்தியும் குமட்டலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. நோய் மாறாது, அதை மறைக்கக்கூடாது. இன்னொன்று: பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டினால் அளவு கூடி ஆபத்தாகும்.

வைத்தியர் கடைசியில் உம்மம்மாவுக்கும் அதையே எழுதிக் கொடுத்தார். கை எட்டாத மேல் முதுகில் ஒட்டுவோம். ஒட்டுவதற்கு முன் உம்மா அதன் மேலே பேனையால் திகதி எழுதுவா.