கூடை சுமந்த உருவமும் அதன் பிள்ளைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கேமரன், தம் குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கையில் 1875இல் குடியேறி, 1879இல் மறைந்து, ஹட்டனை அடுத்த பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் பெயர் சொல்லிப் படம்பிடித்தவர் அவர். அவருடைய இலங்கைப் படங்களுள் எஞ்சியுள்ள சிலவற்றில் தோன்றும் உழைப்பாளிகளோ பெரும்பாலும் பெயரற்றவர்கள். இந்தப் பெயரின்மை பின்னர் ஒரு வழக்கமாகவே நிலைத்தது.

இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய பின், கொழும்பில் 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் போன்ற ஒளிப்பட நிலையங்களின் அஞ்சலட்டைகளும், அதே ஆண்டில் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டனின் விளம்பரங்களும், முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணை உலகறிந்த உருவமாக்கின. அவளுடைய பெயர் செக்ரோல் என்னும் தோட்ட வேலைப் பதிவேட்டோடு நின்றுவிட, அவள் குடியிருந்த லயம், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளின் தொகுதி, அந்த அழகிய காட்சிக்குள் இடம்பெறவே இல்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னரும் அரசு அவ்வுருவத்தைக் கைவிடவில்லை. 1991ஆம் ஆண்டு வரிசையில் வெளியான நூறு ரூபாய்த் தாளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அச்சிடப்பட்டனர்; எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டமோ 2003இல்தான் நிறைவேறியது. தன் தாயின் தோற்றம் நாட்டின் செல்வத்துக்குச் சின்னமாகப் புழங்க, உறவினருள் சிலர் சட்டத்தின் கண்ணில் அந்நியராகவே இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, அந்தப் படத்தைப் பெருமையாகவோ அவமானமாகவோ மட்டும் ஏற்றிருக்க இயலாது. பிறர் வரைந்து தந்த அடையாளம் இளையோர் மீது சுமத்தும் பாரம் இத்தகையது. வறுமையைப் பற்றி மிகுதியாகப் பேசும் மலையக ஆய்வுகள் இதற்கு இன்னும் உரிய இடம் தரவேண்டும்.

மாற்றுக் காட்சிகள் தோட்டங்களின் பக்கத்திலிருந்தே எழுந்தன. கம்பளைக்கு அருகே, பழைய லயம் ஒன்றில் 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், தொழிலாளரின் கருவிகளையும் ஆவணங்களையும் வரலாற்றுச் சான்றுகளாக வைத்தது. ஹட்டனிலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், தேநீர் வடிகட்டியையே தம் படைப்புக்குரிய பொருளாக்கினார். தேநீர் அருந்துவோரின் அன்றாடப் புழங்குபொருளிலேயே கொழுந்து பறித்தவரின் வாழ்வைக் காணச் செய்யும் இத்தேர்வு, அஞ்சலட்டை பிரித்துவைத்த இருவரையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது.