பெற்றாரும் ஆசிரியரும்: ஊர்ப் பள்ளிக்கூடம் வளர்ந்த வரலாறு

பிள்ளைக்கு முதற் பள்ளிக்கூடம் வீடு. இரண்டாவது வீடு பள்ளிக்கூடம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையால் நாள்தோறும் நடந்து போய்வருவது ஐந்து வயதுப் பிள்ளை மட்டுமே. பெற்றார் அவ்வழியே பள்ளிக்கூடத்துக்குப் போவது சேர்க்கும் நாளிலும் பரிசளிப்பு விழாவிலுமே. ஆசிரியர் அவ்வழியே வீட்டுக்கு வருவது மிக அரிது. இந்நிலை எப்பொழுதும் இருந்ததன்று. அது எவ்வாறு உண்டாயிற்று, அதை மாற்ற நம் முன்னோர் யாது செய்தனர், நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை வரலாற்று வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணையும் மணலும்

பெற்றார் ஆசிரியர் சங்கம் என்னும் பெயர் நமக்கு இருபதாம் நூற்றாண்டிலே வந்தது. பெயர் புதியதேயன்றிப் பொருள் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது பெற்றாரும் ஆசிரியரும் தம்முள் பேசி நடத்திய ஏற்பாடேயாகும். ஓர் உபாத்தியாயர், அவர் வீட்டுத் திண்ணை அல்லது கோயில் மடம், சில பிள்ளைகள், இவ்வளவே பள்ளிக்கூடம். பிள்ளைகள் நிலத்திலே மணலைப் பரப்பி விரலால் எழுதினர். கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் எடுத்தனர். விசயதசமியன்று தந்தை பிள்ளையை மடியில் இருத்த, ஆசிரியர் அதன் விரலைப் பிடித்து அரிசியிலே முதலெழுத்தை எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே நிலவுகின்றது. தந்தையின் மடியும் ஆசிரியரின் கையும் ஒரு பிள்ளையிடத்துச் சேரும் அந்நிகழ்ச்சியே பழைய கூட்டுறவுக்குத் தக்க சான்றாகும்.

உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் என ஒன்று இருக்கவில்லை. வயலுள்ளவர் நெல்லுக் கொடுத்தனர். தோட்டஞ் செய்பவர் காய்கறி கொடுத்தனர். விழா நாட்களில் வேட்டியும் தட்சணையும் கொடுத்தனர். ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்றதைக் கொடுத்தார்கள். ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்து அமைதல் பொருந்தாது. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே படித்தார்கள். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இருக்கவில்லை. ஊர் கூடி நடத்தியது உண்மை. ஊர் என்பதற்குள் எல்லாரும் அடங்கவில்லை என்பதும் உண்மை.

பிறர் பணமும் நம் பணமும்

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலே பள்ளிக்கூடம் அமைத்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தோன்றின. ஊர்கள் பலவற்றிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. இவற்றாற் பெற்ற நன்மையை நாம் மறத்தல் ஆகாது; பெண் கல்விக்கு அவர்கள் இட்ட அடி பெரிது. எனினும், செலவுப் பணம் கடல்கடந்து வந்தபடியால், பாடத்தையும் ஒழுங்கையும் வகுக்கும் அதிகாரமும் பணத்தோடு வந்தது. பிள்ளை யாது படிக்கின்றது என்பதில் பெற்றாருக்குச் சொல்லில்லாது போயிற்று.

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதன் பெருமையை இவ்விடத்திலே வைத்து நோக்குதல் வேண்டும். சமயத்தைக் காத்தார் என்று மட்டும் கூறுவோர் அவர் செய்ததிற் பாதியையே கூறுகின்றனர். பள்ளிக்கூடச் செலவு ஊரவர் பொறுப்பு என்னும் எண்ணத்தை அவர் மீண்டும் ஊரவர் நெஞ்சிலே நாட்டினார். 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் பெற்று, பாலபாடங்களை எழுதி அச்சிட்டு, சிறு பிள்ளையின் கைக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தார். பின்பு 1864இல் சிதம்பரத்திலும் அவ்வாறே ஒரு வித்தியாசாலையை நிறுவினார்.

அரசினர் 1869ஆம் ஆண்டிலே பொதுப் போதனைப் பகுதியை அமைத்து, அதன்பின் தனியார் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறையை விரிவாக்கினர். இதனாற் பல பாடசாலைகள் நிலைபெற்றன. ஆனால் நன்கொடை, பரிசோதகர் முன்னிலையிலே வாசிப்பு, எழுத்து, எண் என்பவற்றிற் பிள்ளைகள் அடையும் சித்திக்கு ஏற்பவே கிடைத்தது. ஆகவே ஆசிரியரின் கண் பெற்றாரை விட்டுப் பரிசோதகரை நோக்கித் திரும்பிற்று. 1906ஆம் ஆண்டின் நகரப் பாடசாலைச் சட்டமும் 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் பிள்ளைகளைப் படிக்க அனுப்புதலைக் கட்டாயமாக்கின. நோக்கம் நல்லதே. எனினும் பெற்றார் இச்சட்டங்களிலே குற்றப்பணம் செலுத்தவேண்டியவராகத் தோன்றினரேயன்றி, ஆசிரியரோடு கூடி ஆலோசிப்பவராகத் தோன்றவில்லை.

ஒரு பிடி அரிசி

1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தலாயிற்று. நன்கொடை ஆசிரியர் சம்பளத்துக்கு உதவிற்று. நிலமும் கட்டடமும் ஊரவரிடமிருந்தே வரவேண்டியிருந்தன. காணி எழுதிக் கொடுத்தவர் சிலர். பனைமரமும் கிடுகும் கொடுத்தவர் பலர். கொடுக்க ஒன்றுமில்லாதவர் வேலை நாளிற் பாதியைக் கொடுத்து மண் சுமந்தனர்.

பிடியரிசி என்னும் வழக்கத்தை நம் பெரியோர் நன்கு அறிவர். உலையிலே இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பானையிலே போட்டு வைத்து, அது சேர்ந்ததும் தருமத்துக்குக் கொடுத்தல் அவ்வழக்கம். கோயிற்றிருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் கல்விப் பணிக்கும் அது உதவியிருக்கின்றது. இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். செல்வர் வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் ஒரே அளவு. பானையிலே விழுந்தபின் இது யார் வீட்டு அரிசி என்று பிரித்தறிய முடியாது. கொடுத்த தாய் ஒவ்வொருத்தியும் அந்தத் தருமத்தைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமை பெற்றாள். பள்ளிக்கூட நிதிக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

அக்காலத்து இருளையும் மறையாது கூறுதல் வரலாற்றுக்கு அழகு. 1929ஆம் ஆண்டளவில், நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்துதல் வேண்டும் என்று கட்டளை பிறந்தபோது, யாழ்ப்பாணத்திலே அதை எதிர்த்துக் கிளம்பியவர்களுள் பெற்றாரும் இருந்தனர். சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. 1924இலே மாணவர் காங்கிரஸ் எனத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் ஆதரித்து நின்றது. பெற்றார் ஒன்றுகூடுதல் மட்டும் போதாது. எல்லாப் பெற்றாரும் கூடுதல் வேண்டும் என்பதை வாலிபர்களே அன்று மூத்தோருக்கு எடுத்துரைத்தனர்.

அமெரிக்காவிலே நடந்தது

பெற்றார் ஆசிரியர் சங்கம் என்ற அமைப்பு வளர்ந்த அமெரிக்காவிலும் இவ்விரண்டு பிரச்சினைகளும், அதாவது செலவும் சமத்துவமும், எழுந்தன. 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் தேதி அலிஸ் பேர்ணி, பீபி ஹேர்ஸ்ட் என்னும் இரு பெண்மணிகள் வாஷிங்டன் நகரிலே தாய்மார் மகாநாடு ஒன்றைக் கூட்டினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அதுவே வளர்ந்து, 1924இல் பெற்றார் ஆசிரியர் தேசிய காங்கிரஸ் என்ற பெயரைப் பெற்றது. பல ஊர்களிலே தாய்மார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூடான மதிய உணவு சமைத்துக் கொடுத்தனர். அது நன்றென்று கண்டபின், நாடு முழுவதும் அதைச் செய்தல் அரசாங்கத்தின் கடமை என வற்புறுத்தினர். 1946ஆம் ஆண்டில் பாடசாலை மதிய உணவுச் சட்டம் நிறைவேறிற்று. பெற்றார் தாம் செய்து காட்டி, பின் அரசைச் செய்யவைத்த முறை இது.

அந்நாட்டிலே கறுப்பு நிறத்தவர் பிள்ளைகளுக்குத் தென்பகுதியில் வேறு பள்ளிக்கூடங்கள். அவையும் பாழ்பட்ட கொட்டில்கள். 1912ஆம் ஆண்டிலே புக்கர் வாஷிங்டன் என்னும் கல்விமானின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஜூலியஸ் ரோசன்வால்ட் என்னும் வணிகர் பொருளுதவி செய்ய முன்வந்தார். ஊரவரும் தம் பங்கைச் சேர்த்தல் வேண்டும் என்பது நிபந்தனை. குத்தகை நிலத்திலே உழுதுண்டவர்களுள் சிலர் ஒரு துண்டு நிலத்துப் பருத்தியைப் பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கினர். சிலர் மரந் தறித்துக் கொடுத்தனர். ஆசிரியைமார் வீடு வீடாகச் சென்று நிதி சேர்த்தனர். 1932ஆம் ஆண்டளவிலே 15 மாநிலங்களில் 4,977 பாடசாலைகள் எழுந்தன. அம்மக்கள் திரட்டிய தொகை ஏறக்குறைய 47 இலட்சம் டொலர். செல்வந்தரின் நிதியம் கொடுத்ததோ ஏறக்குறைய 43 இலட்சம். கொடுத்தவருள் மிக ஏழைகளே மிக அதிகம் கொடுத்தனர்! ஆயினும் இவர்கள் வரியும் செலுத்தி, அவ்வரியால் வரவேண்டிய பள்ளிக்கூடத்துக்கு மீண்டும் பணம் கொடுத்தவர்கள். பெற்றாரின் தியாகத்தைப் போற்றும் நாம், அத்தியாகத்தை அரசினர் தம் கடமைக்கு ஈடாகக் கொள்ளுதல் அநீதி என்பதையும் கூறுதல் வேண்டும். 1926இலே செலினா பட்லர் அம்மையார் கறுப்பு நிறத்துப் பெற்றாருக்கென அமைத்த தேசியச் சங்கம், 1970ஆம் ஆண்டிலேதான் மற்றைச் சங்கத்தோடு ஒன்றாயிற்று.

இலவசக் கல்வியும் பின்னும்

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும், நன்கொடை பெற்ற பாடசாலைகளுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஊரின் கஞ்சிக் காசிலே எழுந்த சிறு பள்ளிக்கூடங்களும் அவற்றுள் அடங்கும். ஆசிரியருக்கு உறுதியான சம்பளம் வந்தது. 1980இல் இலவசப் பாடப்புத்தகமும் 1993இல் சீருடையும் வந்தன. இவை பெரும் பேறு. ஆனால் அரசாங்கப் பள்ளிக்கூடந்தானே, அரசாங்கம் பார்க்கட்டும் என்னும் எண்ணமும் கூடவே வந்தது. முன்னர் தாமே வேய்ந்த கூரை ஒழுகியபோது, ஊரவர் கந்தோரிலிருந்து கடிதம் வருமென்று காத்திருந்தனர்.

இன்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒவ்வொரு பாடசாலையிலும் இயங்கவேண்டும் என்பது விதி. அதிபர் தலைமையில் ஆசிரியரும் பெற்றாரும் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் ஒன்றுகூடுவதற்கு அது நல்ல வாய்ப்பு. யுத்த காலத்திலே இக்கூட்டுறவின் வலிமையைக் கண்டோம். 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கொட்டில்களிலும் மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கொப்பி வாங்கவும் முடியாது குடும்பங்கள் தவித்தபோது, பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருந்தவர்கள் ஆசிரியரும் அயலவருமே.

எனினும் ஒரு குறை பரவிவருகின்றது. சங்கம் என்றாற் காசு சேர்க்கும் இடம் என்றே பல பெற்றார் அஞ்சுகின்றனர். விளையாட்டுப் போட்டிக்கு ஒரு தொகை, கலைவிழாவுக்கு ஒரு தொகை, வகுப்பறைக்கு நிறந் தீட்ட ஒரு தொகை. கொடுக்க இயலாத தாய் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறாள். பின்பு விழாவுக்கும் வருவதில்லை. ஈற்றிலே அவள் பிள்ளையும் விழா நாளன்று வயிற்றுவலி என்று வீட்டிலே நின்றுவிடுகின்றது. இலவசக் கல்வி உள்ள நாட்டிலே ஒரு சிறு பிள்ளை காசின் பொருட்டு ஒதுங்கி நிற்குமாயின், திண்ணைக்கு வெளியே நின்ற அன்றைய பிள்ளைக்கும் அதற்கும் உள்ள தூரம் அதிகமன்று.

நாம் செய்யத்தக்கன

வரலாறு காட்டும் வழிகள் சில. முதலாவது, பிடியரிசியின் முறை: எவரும் இடக்கூடிய சிறு அளவையே பொதுப் பங்காக வைத்தல் வேண்டும், கூடக் கொடுக்க விரும்பும் செல்வர் பெயரின்றிக் கொடுக்கட்டும். இரண்டாவது, உழைப்பையும் பங்காக ஏற்றல். தச்சுத் தொழில் தெரிந்த தந்தை வாங்கு திருத்துவதும், தையல் தெரிந்த தாய் நாடக உடுப்புத் தைப்பதும், பாட்டனார் கதை சொல்வதும் காசுக்குக் குறைந்தனவல்ல. மூன்றாவது, வரவு செலவைத் தவணைதோறும் எல்லாரும் காணும் பலகையிலே எழுதிவைத்தல். நான்காவது, நிலுவைப் பணத்தை ஒருபோதும் பிள்ளையிடம் கேளாதிருத்தல். ஐந்தாவது, கூலிவேலை செய்வோர் வரக்கூடிய நேரத்திலே கூட்டம் வைத்தல். ஆறாவது, அரசினர் செய்யவேண்டியதை அரசினரிடம் கூட்டாகக் கேட்டல். கூரையும் கிணறும் மலகூடமும் உரிமை. அவற்றைப் பிச்சையாகவும் கேட்கவேண்டாம், ஏழைப் பெற்றாரின் தலையிலும் சுமத்தவேண்டாம்.

சங்கத்து வாலிபர்களுக்கு ஒரு சொல். உங்களுட் பெரும்பாலோர் இன்னும் பெற்றாருமல்லர், ஆசிரியருமல்லர். அதனாலேயே இரு பகுதியாரிடத்தும் செல்லத்தக்கவர் நீங்கள். ஊரிலுள்ள ஆரம்ப பாடசாலைக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள். விளையாட்டு நிலத்தைத் துப்புரவு செய்யுங்கள். மாலையில் பாடஞ் சொல்லிக் கொடுங்கள். கூட்டத்துக்கு வராத வீட்டுக்குச் சென்று, காரணத்தை அன்போடு கேளுங்கள். பெரியோர்களே, நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு யார் காணி கொடுத்தார், யார் மண் சுமந்தார் என்பதை உங்களையன்றி வேறு எவரும் அறியார். அதை இளைஞருக்குச் சொல்லுங்கள்; அவர்கள் எழுதி வைக்கட்டும். தன் பாட்டி இட்ட ஒரு பிடி அரிசியும் அச்சுவரிலே இருக்கின்றது என்று அறிந்த பிள்ளை, அப்பள்ளிக்கூடத்தைப் பிறருடையது என்று எண்ணாது.