ஒரு ஃபிளாப்பியின் கதை

மலர்க் குழுவினர் 'நம் துறையில் கணிப்பொறி வந்த வரலாறு' எழுதச் சொன்னார்கள். முழு வரலாறு எழுத நான் ஆளில்லை. ஒரே ஒரு ஃபிளாப்பியின் வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும். 1988-லிருந்து நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் அதற்குள் இருக்கிறது.

இளைய நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம், இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ. நினைவகம் 32 கிலோபைட்தான். அந்த இயந்திரங்கள் நம் லேபுக்கும் வந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம், கோயில் மாதிரி!

ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியில் 40 வட்டப் பாதைகள், பாதைக்கு 10 செக்டார், செக்டாருக்கு 256 பைட். ஆக மொத்தம் 100 கிலோபைட். அதிகபட்சம் 31 கோப்புகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது.

இவற்றைக் கட்டிக் காத்தவர் நம் லேப் அண்ணன். படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் டிரைவின் குணம் அவருக்கு அத்துப்படி. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைப்பார். டிரைவைத் திருப்பி வைத்து டியூப் லைட் வெளிச்சத்தில் காட்டுவார். சுழலும் சக்கரத்தின் கோடுகள் நகராமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் நிமிடத்துக்குச் சரியாக 300 சுற்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குரிய கோட்டு வரிசையைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

1988 பிப்ரவரியில் முன்னாள் மாணவர் முகவரிப் பட்டியலை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றினோம். நான்கு பேர், ஒரு மாத வேலை. நகல் எடுக்கவில்லை. (ஃபிளாப்பி விற்ற விலைக்கு யார் எடுப்பார்கள்?) ஒருநாள் லேப் பூட்டியிருந்தது. துறைத்தலைவர் அறைக்குப் புதிதாக வந்திருந்த டிரைவில், அனுமதி கேட்காமலே, நான் இரண்டு முகவரிகளைத் திருத்தி சேமித்தேன். அது 80 பாதை டிரைவ். 40-க்கு மாற்ற சுவிட்ச் இருந்தது, மாற்றினேன். ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

மறுநாள் லேப் டிரைவில் போட்டால் திரையில் 'டிஸ்க் ஃபால்ட் 0-ஈ, 00/00'. பட்டியலே வரவில்லை. அண்ணன் ஹெட்டைத் துடைத்தார், வேகம் பார்த்தார், டிரைவையே மாற்றிப் பார்த்தார். ம்ஹூம். துறைத்தலைவர் அறை டிரைவோ அன்று காலையே ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய்விட்டது. "ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சிருப்பான், காந்தம் அழிச்சிருக்கும்" என்று யாரோ சொல்ல, பழி அண்ணன் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஜூனில் அவருடைய தற்காலிக வேலை நீட்டிக்கப்படவில்லை. இது மட்டும்தான் காரணமா என்று சொல்ல முடியாது. ஆனால் இதுவும் பேசப்பட்டது.

உண்மையில் நடந்தது என்ன? 80 பாதை டிரைவின் ஹெட் ஒல்லியானது. அதே வட்டில் இரண்டு மடங்கு பாதைகளை அடக்க வேண்டுமே! பட்டை பிரஷ்ஷால் எழுதிய எழுத்தின் நடுவில் மட்டும் ஒல்லி பிரஷ்ஷால் வேறு எழுத்து எழுதினால் எப்படி இருக்கும்? ஓரங்களில் பழையது மிச்சம் இருக்கும். ஒல்லி ஹெட் நடுவை மட்டும் பார்ப்பதால் அதற்குக் குழப்பமில்லை. அகல ஹெட் பழையதையும் புதியதையும் சேர்த்து வாசித்துக் குழம்பிவிடும். கோப்புப் பட்டியல் இருப்பது பாதை 0-ல். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது திருப்பி எழுதப்படும். அதனால்தான் இரண்டு முகவரி திருத்தியதற்கு முழு ஃபிளாப்பியும் செத்தது போலத் தெரிந்தது.

பிழை எண்ணே அதைச் சொல்லியிருக்கிறது. ஹெட் கெட்டாலோ காந்தம் எல்லாவற்றையும் அழித்தாலோ பெரும்பாலும் 18 வரும், அதாவது செக்டாரே கிடைக்கவில்லை. 0-ஈ என்றால் செக்டார் கிடைத்தது, உள்ளே இருக்கும் தகவல்தான் சரிபார்ப்புக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. செக்டாரின் தலைப்பு ஃபார்மட் செய்யும்போது எழுதியது. நான் மாற்றி எழுதியது அதன் உள்ளடக்கத்தை மட்டும்தான். அண்ணன் அந்த எண்ணை லேப் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தார். படிக்கத்தான் ஆளில்லை.

2023-ல் சங்கத்தின் பீரோவைக் காலி செய்தபோது நோட்டும் ஃபிளாப்பியும் சேர்ந்தே கிடைத்தன. வட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். ஒரு பழைய 80 பாதை டிரைவை 'கிரீஸ்வீசில்' என்ற சின்ன அட்டை வழியாக இன்றைய கணிப்பொறியில் இணைத்தேன். முதல் தடவையிலேயே அத்தனை செக்டாரும் வந்துவிட்டன. 35 வருஷமாக அது சாகவே இல்லை.

அண்ணன் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நாலு தடவை தொடச்சேன் தம்பி. ஹெட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு. அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?" என்றார்.

விழாவுக்கு அவரை நானே போய் அழைத்து வருகிறேன். அந்த ஃபிளாப்பியில் இருந்த முகவரிப் பட்டியல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. 1988-ல் இருந்தபடியே கொடுத்திருக்கிறோம், நான் திருத்திய இரண்டும் சேர்த்து.